தம்பியைக் கட்டிப்போடாத பருவம்

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் குழுவில் நாமெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். மலையிலிருந்து படிக்க இறங்கி, வேலை கிடைத்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். நம்மில் பாதிப் பேருக்குக் கல்யாணமும் தாமதம், பிள்ளையும் தாமதம். நாற்பதுக்குப் பக்கத்தில் பிள்ளை பெற்றவனுக்கு அது தும்மினாலே நெஞ்சை அடைக்கும். அதனால் போன வாரம் நான் பட்ட பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மகளின் பாலர் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். "பாப்பா கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது. கிரயான் பிடிக்க வரலை. மாடிப்படியில ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுத்தான் ஏறுது. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்றார்கள். அந்த 'எதுக்கும்' என்ற சொல் டாக்டரைப் பார்க்கும் வரை என்னைத் தூங்கவிடவில்லை.

டாக்டரம்மா என் மகளைத் தரையில் உட்காரவைத்துப் பந்து உருட்டினார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். தாழ்வான ஒரு பலகையிலிருந்து குதிக்கச் சொன்னார். மகள் பலகையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு இறங்கினாள்.

"பாப்பா எங்கங்க ஓடி விளையாடும்?"

"ஓடறதில்லீங்க டாக்டர். உக்கார வெச்ச எடத்துலயே உக்காந்திருக்கும். ரொம்ப சமத்துங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காது நல்லாக் கேக்குது. கண்ணும் நல்லாருக்கு. சொல்றது எல்லாம் புரியுது. ஆனா ஓடி, ஏறி, குதிச்சு, விழுந்து பழகவேயில்ல. இந்த வயசுல உடம்பு ஒரு பக்கம் கத்துக்கும், மூளை இன்னொரு பக்கம் கத்துக்கும்னு இல்லீங்க. பந்துக்குப் பின்னாடி ஓடுற குழந்தைக்குத்தான் தூரம்னா என்ன, முன்னாடி பின்னாடின்னா என்னன்னு பிடிபடும். பேச்சுக்கும் அப்பதான் விஷயம் கிடைக்கும். வெளிய விடுங்க. கொஞ்ச நாள் போகட்டும், திரும்பப் பார்க்கலாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

எல்லாக் குழந்தைக்கும் இதுவே பதில் என்று நினைக்கவேண்டாம் என்றும் சொன்னார். சில குழந்தைகளுக்கு வேறு உதவி தேவைப்படும், காட்டாமல் இருப்பதுதான் தப்பு என்றார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. சம்பந்தமே இல்லாமல் மிளகு நாற்றம் வந்தது. பச்சை மிளகைக் காலால் மிதிக்கும்போது வருமே, கண்ணைக் கரிக்கும் அந்த வாசனை.

நான் இரண்டாம் வகுப்புக்கு வரும் வரை, மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் தோட்டத்துச் சரிவில், அம்மா தம்பியைப் பலாமரத்தில் கட்டிவைப்பார்.

கேட்டால் கொடுமையாகத் தெரியும். மலையில் பிறந்த நமக்குத் தெரியும், அது கொடுமை இல்லை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மேலே ஏறி மிளகு பறிக்கிறவளுக்குக் கீழே பிள்ளை எங்கே போகிறதென்று பார்க்க முடியாது. சரிவோ நேராக ஓடைக்கு இறங்குகிறது. அதனால் தவழுகிற, நடை பழகுகிற பிள்ளையின் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் செய்ததுதான். நானும் அப்படிக் கட்டப்பட்டு வளர்ந்தவன்தான். கால் உறுதியானதும் அவிழ்த்துவிடுவார்கள்.

தம்பியை அவிழ்க்கவில்லை. அவன் நடக்க ஆரம்பித்த புதிதில், கட்டாமல் விட்ட ஒரு நாள், சரிவில் உருண்டுபோய்க் காப்பிச்செடியில் மாட்டிக்கொண்டான். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் செடிக்குக் கீழே ஓடைப் பாறைகள் இருந்ததை அம்மாவால் மறக்கவே முடியவில்லை. அதன்பிறகு முடிச்சை அவன் கைக்கு எட்டாமல் முதுகுப்பக்கம் போட்டார். மற்ற பிள்ளைகள் சேலையை விட்டுச் சரிவெங்கும் ஓடத் தொடங்கிய வயதிலும் இவன் மரத்தடியிலேயே இருந்தான்.

காப்பிப்பொடி நிறத்தில் மஞ்சள் பூப்போட்ட நூல்சேலை அது. பிற்பாடு என்ன ஆயிற்றோ. கிழித்துக் கரித்துணியாக்கியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் கட்டியபோது அவன் சேலை எட்டும் தூரம் வரை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். புல் செத்து, மரத்தைச் சுற்றி வட்டமாக மண் தெரிந்தது. அடுத்த மழைக்கு அந்த வட்டத்தில் புல் முளைத்துவிட்டது. அவன் சுற்றுவதை நிறுத்தியிருந்தான். மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கிடைத்த மிளகு மணியை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பழகிட்டான். பாரு, எவ்வளவு சமத்து" என்று தோட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அழாத பிள்ளை என்று பெயர். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அப்புறம் அதே பிள்ளையைப் பார்த்து மந்தம் என்றார்கள். ஐந்து வயது நெருங்கியும் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பான். கூப்பிட்டால் திரும்புவான், அவ்வளவுதான். சமதரையில் நடந்தாலும் தடுக்கினான். பால்வாடியில் விட்டால் போட்ட இடத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தான். அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தினமும் அவன் நாக்கில் தடவினார். கசப்பு தாங்காமல் கண்ணில் நீர் வரும், அப்போதும் சத்தம் வராது.

பால்வாடி டீச்சர் நல்லவர். கஞ்சி போட்ட சேலையும் குடையுமாக எங்கள் வீடு வரை ஏறி வந்தார்.

"சேலத்துல இந்த மாதிரிப் புள்ளைங்கள வெச்சுப் பாத்துக்கற விடுதி ஒண்ணு இருக்குதுங்க. பேச்சுப் பழக்குவாங்க. சோறு போடுவாங்க. லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போலாம். நானே கூட வந்து சேத்து விடறேன்."

"ஊட்டுக்காரரு போர் வண்டியில வடக்க போயிருக்காருங்க. அவரக் கேக்காம..."

"அவரு எப்ப வர்றது, நீங்க எப்பக் கேக்கறது? வயசு போயிட்டே இருக்குதுங்களே."

அது உண்மை. அப்பா போன வண்டி எந்த ஊரில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்ததென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மா ஒற்றை ஆளாக முடிவெடுக்கவேண்டியிருந்தது. மிளகு முடிந்ததும் கூட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அத்தனை வளைவையும் தம்பி பஸ்ஸில் இறங்கப்போகிறான், நான் இங்கே சாணி பொறுக்கிக்கொண்டிருக்கவேண்டும். அம்மா அவனுடைய சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து ஒயர் கூடையில் அடுக்கியதைப் பார்த்த நாளில்தான் அவன் இனி எங்களோடு இருக்கப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. அன்றைக்குக் கூடையை எடுத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஒளித்துவைத்தேன். அம்மா கண்டுபிடித்து முதுகில் இரண்டு வைத்தார்.

அந்தப் பருவத்தில் ஆள் கிடைக்கவில்லை. ஆண்கள் பாதிப் பேர் போர் வண்டியிலும் கேரளா தோட்டங்களிலும் இருந்தார்கள். எங்கள் மிளகையும் சின்னம்மா வீட்டு மிளகையும் ஒன்றாகச் சேர்த்து, ஊருக்கு மேலே இருந்த பெரிய பாறையில் மிதித்துக் காயவைப்பதென்று ஏற்பாடு. சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அம்மா எவ்வளவுக்குப் பயந்தவரோ அவ்வளவுக்கு வாய்த்துடுக்கானவர். பக்கத்துச் சரிவிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய மகள் தம்பியைவிடச் சற்றுப் பெரியவள்.

பாறை மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. சேலையைக் கட்ட அங்கே ஒரு மரம் இல்லை.

"இங்க எங்க உருளப் போறான், உடு" என்றார் சின்னம்மா. அம்மா என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அவனை நடுப்பாறையில் இறக்கிவிட்டார். யாரும் யோசித்துச் செய்ததல்ல அது. மரம் இருந்திருந்தால் கட்டித்தான் இருப்பார்கள்.

தம்பி சில எட்டு நடந்தான். பிறகு நின்றான். இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சேலை எவ்வளவு தூரம் விடுமோ அங்கே நின்று, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். நான் சிரித்தேன். எனக்கு அப்போது அது வேடிக்கை. போன வாரம் டாக்டரின் பலகை விளிம்பில் என் மகள் நின்று கீழே பார்த்தபோது அந்தச் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் பறித்த மிளகுச் சரங்களைச் சாக்கில் போட்டு மூடிவைத்து, மறுநாள் பாறையில் கொட்டி மிதிப்போம். மணி உதிர்ந்து காம்பு தனியாக வரும். பெரியவர்கள் மிதித்தால் பாரத்தில் மணி நசுங்கும் என்று கடைசி மிதி பிள்ளைகளுக்கு. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக வட்டம் சுற்றவேண்டும். முன்னால் போகிறவர் "சோத்தாங்காலு! பீச்சாங்காலு!" என்று கத்த, வலதும் இடதுமாக எல்லோரும் அந்தக் காலை ஓங்கி வைக்கவேண்டும். தப்பான காலை வைத்தவனை வரிசையிலிருந்து தள்ளிவிடுவோம். மிளகுக் காரம் விரலிடுக்கில் ஏறி எரியும். சாயங்காலம் காலில் தேங்காயெண்ணெய் தடவாமல் யாரும் தூங்க முடியாது.

சின்னம்மா மகள் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையின் கடைசியில் என் தோளைப் பிடிக்கவைத்தாள். முதல் திருப்பத்திலேயே மிளகுக்குள் குப்புற விழுந்தான். அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"உடு அக்கா. பாறையில உளுந்தா பாறைக்கா நோவப்போவுது?"

"உம்புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவியாடி?"

"எம்புள்ளதான் பாரு, காலையில இருந்து நாலு தடவ உளுந்துட்டா. நீ அதுக்கு ஓடி வந்தியா?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டார். தம்பி எழுந்தான். முகமெல்லாம் பச்சை மணி ஒட்டியிருந்தது. திரும்ப என் தோளைப் பிடித்தான்.

அப்புறம் நடந்ததை அற்புதம் மாதிரி எழுதமாட்டேன். பல நாட்கள் விழுந்துகொண்டேதான் இருந்தான். தப்பான காலைத்தான் வைத்தான். தள்ளிவிட்டால் திரும்பி வந்து பிடித்துக்கொண்டான். என் தோளில் அவன் கை முதலில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. கொஞ்ச நாளில் நகம் பதியப் பிடித்தான். சேலை எட்டும் தூரத்தைத் தாண்டிப் பாறை விளிம்பு வரை போனான். அங்கிருந்து ரோடு தெரியும். பஸ் மரங்களுக்குள் மறைந்து வேறொரு இடத்தில் வெளிப்படுவதை உட்கார்ந்து பார்ப்பான். அது வெளிவரும் இடத்துக்கு முன்பே போய் நின்றுகொள்ளவும் பழகினான். அவனுக்குப் புத்தி வேலை செய்கிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது அதில்தான். அம்மாவிடம் சொன்னேன். "வேலையப் பாருடா" என்றார்.

ஒரு மத்தியானம் அம்மாவும் சின்னம்மாவும் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். வரிசைக்கு முன்னால் இருந்த சின்னம்மா மகள் நாக்கு குழம்பி, பீச்சாங்கால் முறையில் மறுபடி சோத்தாங்கால் என்றே கத்திவிட்டாள். பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் வந்தது.

"பீச்சா!"

எல்லோரும் நின்றுவிட்டோம். அது யார் குரல் என்றே எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. தம்பி காலைத் தூக்கியபடி, கோபத்தோடு, மறுபடி கத்தினான். "பீச்சா! பீச்சா!"

சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இத்தன நாளா வசம்பு தேச்சியே, உம்மவன் வாயத் தொறந்து என்ன சொல்றான் கேட்டியா?"

அம்மா ஒரு கையில் சோற்றை வைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "இன்னொரு தரம் சொல்லு சாமி" என்றார். அவன் சொல்லவில்லை. வரிசையை நகரச் சொல்லி என் முதுகில் குத்தினான்.

அதற்குப்பின் அவன் அதிகம் பேசினான் என்று சொல்ல முடியாது. ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தது. தள்ளு, வா, நானு, பஸ்ஸு. அம்மாவுக்கு அது போதவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பேச்சா என்று ஒரு பக்கம், பேச ஆரம்பித்தவனை எப்படி அனுப்புவது என்று ஒரு பக்கம். பேசுகிறான் என்று நம்பி வைத்துக்கொண்டு, நாளைக்கு அவன் அப்படியே நின்றுபோனால் பழி தன்மேல்தானே என்று சின்னம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். நாமே நம் பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு இப்போது அத்துப்படி. அப்போது அம்மாவின்மேல் எனக்கு வெறும் கோபம்தான்.

மிளகு காய்ந்து கறுத்தது. சாக்கில் கட்டினார்கள். டீச்சரிடமிருந்து, நாளைக் காலை சந்தை கூடும் சோளக்காட்டுக்குப் பஸ் ஏற வாருங்கள் என்று சேதி வந்தது.

நானும் போனேன், கூடையைத் தூக்க. சோளக்காட்டில் சந்தைக்கூட்டம். பலாப்பழம் குவித்திருந்தார்கள், மலைவாழைத் தார்களை ரோட்டோரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் இன்னும் வந்திருக்கவில்லை. அம்மா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பஸ் காசைத் தேட ஒரு கையை விட்டார். அவன் போய்விட்டான்.

வாழைத்தார்களுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தான். ஒரு தாரைத் தாண்டி, நின்று, காலைப் பார்த்து, அடுத்ததைத் தாண்டினான். பழக்காரம்மா கத்தினார்.

"ஏ சாமி! பழத்த மிதிச்சுப்போடாத! யாரு பெத்த புள்ளையிது, பிடிங்க வந்து!"

தம்பி நின்று அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"மிதிக்கல. தாண்டறேன்."

நானும் அம்மாவும் நின்ற இடத்திலேயே நின்றோம். எங்களுக்குப் பின்னால் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. டீச்சர்.

"யாருங்க அந்தப் பையன், நல்ல வாயா இருக்கான்?"

"இவந்தானுங்க டீச்சர்" என்றார் அம்மா.

டீச்சர் அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். பால்வாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவனை மட்டும்தான் அவருக்குத் தெரியும். மிளகுப் பருவம் முழுக்க அவனைப் பார்க்கவே இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பஸ் வந்து நின்றது. டீச்சர் ஏறவில்லை. தாழ்ந்த குரலில், "நீங்க சொல்லுங்க. உங்க புள்ள. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "ஏனுங்க, ஏறறீங்களா இல்லீங்களா?"

அம்மா என் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். வாழைத்தார்களுக்கு நடுவில் நின்றவனைப் பார்த்தார். 

"இல்லீங்க" என்றார். "நாங்க சும்மா பாக்க வந்தமுங்க."

பஸ் போனது. டீச்சர் தன் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ்ல சேத்திருங்க" என்றார்.

தம்பிக்குப் பேச்சு எப்படி வந்தது என்று இன்றைக்கும் அம்மாவைக் கேட்டால் வசம்பு என்பார். அப்பா ஊர் திரும்பியதும் அதைத்தான் அவரிடம் சொன்னார், அப்பாவும் ஊரெல்லாம் அதைத்தான் சொன்னார். தம்பி இப்போது போர் வண்டி வைத்திருக்கிறான், ஆந்திராவில் தெலுங்கு பேசி வேலை வாங்குகிறான். தன்னைக் கட்டிவைத்தது அவனுக்கு நினைவே இல்லை. டாக்டர் சொன்னதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஓடையில் விழுந்து செத்துப்போகாமல் பிள்ளையைக் காப்பாற்றத்தான் கட்டினார். காப்பாற்றியும் விட்டார். அதில் எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்லி யாருக்கு என்ன? பேத்தி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் போனில் சொன்னேன். "அவளுக்கு என்ன கேடு, சமத்து" என்றார். "சமத்து வேண்டாம்மா, ஓடட்டும்" என்றேன். "கிறுக்கு" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு சோளக்காட்டிலிருந்து வீடு வரைக்கும் தம்பியை யாரும் தூக்கவில்லை. அவன் தூக்கவிடவில்லை. மேட்டில் ஓடுவான், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், நாங்கள் கிட்டே வந்ததும் மறுபடி ஓடுவான். அம்மா அவனைக் கூப்பிடவும் இல்லை, அதட்டவும் இல்லை.  கூடை எனக்குக் கனக்கவே இல்லை.

வாசலில் சின்னம்மா கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏனக்கா, பஸ்ஸு வரலியா?"

"வந்துச்சு."

"அப்பறம்?"

அம்மா கூடையை வாங்கித் தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார்.

"போயிருச்சு."